ஆக்ஸல் வரவில்லை என்று நகையை அடகு வைக்க வேண்டாம்

கேள்வி: அன்புள்ள மேடம், நாங்கள் ஈரோடு. வீட்டில் மெஷின் போட்டுத் துணி தைத்துக் கொடுக்கிறேன். வீட்டுக்காரர் சாயப்பட்டறையில் சூப்பர்வைசர். ஒரே பெண், 13 வயது, எட்டாம் வகுப்பு. ஆறு வயதிலிருந்து ரோலர் ஸ்கேட்டிங், அதிலும் பாட்டுக்குக் குதித்துச் சுற்றி ஆடும் ஆர்ட்டிஸ்டிக். ஸ்டேட்டில் மூன்று மெடல் வாங்கியிருக்கிறாள். போன வருஷம் நேஷனல் போய் ஆறாவது இடம். ஒரே வருஷத்தில் 9 சென்டிமீட்டர் வளர்ந்துவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டு போட்ட ஆக்ஸல் ஜம்ப் இப்போது பத்துக்கு எட்டு முறை விழுகிறது. கோச் 'பயம் வந்துவிட்டது, சோம்பல் வேறு' என்கிறார். இத்தாலியில் ஒரு மாதம் கேம்ப் போனால் சரியாகிவிடும், மூன்றரை லட்சம் ஆகும் என்கிறார். என் நகையை வைத்தால் பணம் வந்துவிடும். வீட்டுக்காரர், 'இதெல்லாம் போதும், படிக்கட்டும்' என்கிறார். இவளோ எதுவும் பேசுவதில்லை. ராத்திரி முழங்காலில் ஐஸ் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இந்த விளையாட்டில் எதிர்காலம் உண்டா? டிசம்பர் போட்டிக்கு டிரஸ் தைக்கவா, வேண்டாமா? (பெயர் வெளியிட வேண்டாம்.)

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

இத்தாலி, எதிர்காலம், நகை எல்லாவற்றையும் பிறகு பேசலாம். கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, முழங்காலில் ஐஸ் என்று, முதலில் அது. இந்த வாரமே ஓர் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். விளையாட்டுக் காயங்களைப் பார்க்கிறவர் கிடைத்தால் நல்லது, ஈரோட்டில் இல்லாவிட்டால் கோவையில் கிடைப்பார்.

போவதற்கு முன் நீங்களே ஒன்று பாருங்கள். முழங்கால் சில்லுக்குக் கீழே, கால் எலும்பு தொடங்குகிற இடத்தில் விரலை வைத்து அழுத்துங்கள். அங்கே பட்டாணி அளவில் ஒரு புடைப்பு இருந்து, அழுத்தினால் அவள் காலை இழுத்துக்கொண்டால், அநேகமாக ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்று டாக்டர் சொல்லுவார். பெயர்தான் பயமுறுத்தும். தொடைத் தசையின் நாண் அந்த இடத்தில்தான் எலும்போடு ஒட்டியிருக்கிறது. வளர்கிற வயதில் அங்கே எலும்பு இன்னும் முழுக்க இறுகியிருக்காது. எலும்பு வேகமாக நீள்கிறது, தசை அந்த வேகத்துக்கு நீள்வதில்லை, அதனால் இழுபடுகிறது. அதற்கு மேல் ஒரு நாளைக்கு ஐம்பது தடவை குதித்து ஒரே காலில் இறங்கினால் அந்த இடம் புண்ணாகிறது. வளர்ச்சி நின்றதும் பெரும்பாலும் தானே அடங்கிவிடும். அதுவரை குதிப்பதைக் குறைக்க வேண்டும், தொடையை இளக்கும் பயிற்சிகள் செய்ய வேண்டும், அவ்வளவுதான். வலி ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கிற அளவுக்கு இருந்தாலோ, முட்டி வீங்கினாலோ, பூட்டிக்கொண்டாலோ, இடுப்பில் வலி வந்து நொண்டினாலோ வாரக் கடைசி வரை காத்திருக்க வேண்டாம்.

இப்போது ஆக்ஸல். உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் உங்கள் வீட்டுக்காரரும் படிக்கட்டும் என்று எழுதுகிறேன். மற்ற முழுச்சுற்று ஜம்ப்களில் பின்னோக்கிப் போய்க்கொண்டே எழும்புவோம். ஆக்ஸலில் மட்டும் முன்னோக்கிப் போய் எழும்பி, பின்னோக்கி இறங்க வேண்டும். அதனால் ஒரு சுற்று என்பது ஒன்றரைச் சுற்று ஆகிறது. காற்றில் இருக்கிற நேரம் அரை நொடி கூட இல்லை. அதற்குள் கைகளை நெஞ்சோடு சேர்த்து, கால்களைப் பின்னி, சுற்றி, பிரித்து இறங்க வேண்டும். காலில் கட்டியிருக்கிற, முன்னால் இரண்டும் பின்னால் இரண்டும் சக்கரம் உள்ள குவாட் ஸ்கேட் ஒவ்வொன்றும் ஒரு கிலோவுக்கு மேல்.

போன வருஷம் உங்கள் பெண் சின்ன உருண்டை. சுற்றுவது சுலபம். இந்த வருஷம் கையும் காலும் நீண்டுவிட்டன. ஒரு கயிற்றில் கல்லைக் கட்டிச் சுற்றிப் பாருங்கள், கயிறு நீள நீளச் சுற்றுவது எவ்வளவு கனக்கிறது என்று கைக்குத் தெரியும். தூரம் கொஞ்சம் கூடினாலும் எதிர்ப்பு அதன் வர்க்கத்தில் கூடுகிறது. எழும்புகிற உயரமோ அதேதான், ஏனென்றால் தசை இன்னும் வந்து சேரவில்லை. ஆக, அதே அரை நொடி, கூடுதலான எடை, மெதுவான சுற்று. ஒன்றரைச் சுற்று ஒன்றேகாலில் நின்றுவிடுகிறது, சக்கரம் குறுக்கே இறங்குகிறது, குழந்தை விழுகிறாள். பத்துக்கு எட்டு முறை விழுந்தால் பயம் வரத்தான் செய்யும். பயம் விழுந்ததால் வந்தது. கோச் அதைத் திருப்பிப் போட்டுப் பயத்தால் விழுகிறாள் என்கிறார்.

பெண் குழந்தைகளுக்கு உயரம் வேகமாக ஏறுவது சராசரியாக 12 வயதை ஒட்டி. சிலருக்கு 11-லேயே வரும், சிலருக்கு 13-இல். ஆர்ட்டிஸ்டிக்கில் நான் பார்த்த பிள்ளைகளில் பாதிக்கு மேல் இந்த ஒன்றரை வருஷத்தில்தான் ஸ்கேட்டைக் கழற்றி வைத்தார்கள். திறமை போய்விட்டது என்று வீட்டில் நினைத்தார்கள், கோச் சோம்பல் என்றார், பிள்ளையும் நம்பிவிட்டது.

எனக்கே நடந்தது. 14 வயதில் இதே ஆக்ஸல்தான். அப்போது எங்களுக்கு ரிங்க் என்றால் பார்க்கில் ஒரு சிமென்ட் தளம், ஓரத்தில் வேப்பம்பழம் விழுந்து கிடக்கும், பயிற்சிக்கு முன்னால் நாங்களே பெருக்குவோம். என்னைப் பழக்கியவர் நல்ல மனிதர், ஆனால் அவருக்கு ஒரே மருந்துதான் தெரியும்: இன்னும் ஐம்பது போடு. முப்பத்தேழாவதில் இடது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் கட்டு. கட்டுப் பிரித்து, மூன்று மாதம் வெறும் வட்டக் கோட்டில் போகும் ஃபிகரும், சாய்ந்து வளையும் எட்ஜும் மட்டும் செய்துவிட்டு, ஒருநாள் சும்மா முயன்று பார்த்தேன், ஆக்ஸல் வந்தது. ஓய்வு கொடுத்த பலன் என்று அப்போது நினைத்தேன். அந்த நான்கைந்து மாதத்தில் தொடையில் தசை வந்து சேர்ந்திருக்கிறது என்று புரிய இன்னும் பல வருஷம் ஆனது.

இன்னொன்று யாரும் கவனித்திருக்க மாட்டார்கள் என்று சந்தேகப்படுகிறேன். அவளுடைய ஸ்கேட்டைக் கவிழ்த்துப் பாருங்கள். பூட்டின் அடியில் மாட்டியிருக்கும் பிளேட்டுக்கும் சக்கர அச்சுக்கும் நடுவில் ரப்பர் இருக்கும். நாம் ஒரு பக்கம் சாய்ந்தால் அந்த ரப்பர் அமுங்கி, அச்சு திரும்பி, ஸ்கேட் வளைவாகப் போகிறது. எட்ஜ் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். அந்த ரப்பரின் இறுக்கம் ஆளின் எடைக்கு ஏற்றபடி வைக்கப்படுகிறது. 9 சென்டிமீட்டர் வளர்ந்த பெண் ஐந்தாறு கிலோவாவது கூடியிருப்பாள். பழைய இறுக்கத்தில் பழைய ரப்பர் என்றால், ஆக்ஸலுக்கு எழும்பும் அந்தக் கடைசி வெளி எட்ஜில் ஸ்கேட் தேவைக்கு மேல் வளைந்து அவளை உள்ளே இழுத்துவிடும். எழும்புவதற்கு முன்பே ஜம்ப் கெட்டுவிட்டது. அதேபோல் பூட். விரல் மடங்குகிறதா என்று கேட்டால் 'இல்லை' என்றுதான் சொல்லுவாள், புது பூட் என்ன விலை என்று அவளுக்குத் தெரியும். பூட்டின் உள்ளே இருக்கும் அட்டையை வெளியே எடுத்து, அதன் மேல் வெறுங்காலோடு நிற்கச் சொல்லுங்கள். விரல் அட்டையைத் தாண்டினால் வேறு பேச்சே வேண்டாம். புது பூட்டில் பழைய பிளேட்டை மாட்டும்போது நடுக்கோடு பார்த்து மாட்டத் தெரிந்த ஆளிடம் கொடுங்கள். இரண்டு மில்லிமீட்டர் தள்ளினாலும் குழந்தை ஆறு மாதம் தன்னையே திட்டிக்கொண்டு இருப்பாள்.

பயிற்சியில் என்ன மாற்ற வேண்டும்? டாக்டர் அனுமதித்த பிறகு, ஒரு நாளைக்கு இத்தனை லேண்டிங் என்று எண்ணி, எண்ணிக்கை முடிந்ததும் நிறுத்தவும். நான் பழக்கும் பிள்ளைகளுக்கு இந்த வயதில் இருபதுக்கு மேல் விடுவதில்லை, வாரத்தில் மூன்று நாள்தான். ஆக்ஸலை மூட்டை கட்டி வைத்துவிட்டு அரைச்சுற்று வால்ட்ஸ் ஜம்புக்குத் திரும்பலாம், அதை உயரமாக, பொறுமையாகப் போடட்டும். மீதி நேரம் ஒரே இடத்தில் சுற்றும் ஸ்பின், எட்ஜ், ஃபிகர். ஸ்கேட் இல்லாமல் தரையில் ஸ்குவாட், ஒற்றைக்கால் நிற்பது, ஸ்கிப்பிங் இல்லாத கால் வலு. சாப்பாட்டைக் குறைக்கச் சொல்லி யாராவது சொல்லியிருந்தால் அந்தப் பேச்சை அன்றோடு நிறுத்துங்கள். எடை கூடியதால்தான் விழுகிறாள் என்று ரிங்க் ஓரத்தில் நின்று பேசுகிற பெற்றோர்கள் எல்லா ஊரிலும் உண்டு. வளர்கிற பெண் பட்டினி கிடந்தால் எலும்பு மெலிகிறது, மாதவிடாய் தள்ளிப்போகிறது அல்லது நிற்கிறது. வந்துகொண்டிருந்தது மூன்று மாதம் வராமல் போனால் அதற்கும் டாக்டர்தான்.

ஃபிகர் என்றதும் முகம் சுளிப்பாள். தரையில் வரைந்த 6 மீட்டர் வட்டத்தின் மேல் ஒற்றைக் காலில் கோடு பிசகாமல் போய்க்கொண்டே இருப்பது எந்தப் பிள்ளைக்கும் போர்தான். ஐஸ் ஸ்கேட்டிங்கில் இதைப் பெரிய போட்டிகளிலிருந்து 1990-இலேயே எடுத்துவிட்டார்கள், ரோலரில் இன்னும் தனிப் பிரிவாக இருக்கிறது. சோலோ டான்ஸும் அப்படித்தான். இந்த இரண்டிலும் காற்றில் இரண்டு சுற்று சுற்றும் டபுள் ஜம்ப் தேவையில்லை. நீண்ட கால், நீண்ட கை, நிதானம், சங்கீதம் காதில் ஏறுவது இவைதான் தேவை. போன வருஷம் வரை குறையாக இருந்த உயரம் இங்கே அழகு. பரதநாட்டியம் கொஞ்சம் பழகியிருந்தாளானால் சோலோ டான்ஸில் அவள் உடம்பு உடனே புரிந்துகொள்ளும், நான் பார்த்திருக்கிறேன். ஜம்ப்பும் ஸ்பின்னும் உள்ள ஃப்ரீ ஸ்கேட்டிங்கை விட்டுவிடச் சொல்லவில்லை. இந்த வருஷம் ஜெயிப்பதற்கு அவளுக்கு ஏதாவது ஒன்று வேண்டும், அது ஜம்பாக இருக்க முடியாது.

ஸ்பின்னும் அப்படி ஒரு வாய்ப்பு. ஜம்ப் எல்லாம் ஐஸில் இருப்பதேதான், பெயர்கூடப் பெரும்பாலும் அதேதான். ஆனால் நான்கு சக்கரம் இருப்பதால் நமக்கு மட்டுமே உரிய ஸ்பின்கள் சில உண்டு. குதிகால் சக்கரத்தில் மட்டும் சுற்றும் ஹீல் கேமல், கணுக்காலைச் சாய்த்து ஒரு பக்க இரண்டு சக்கரத்தில் சுற்றும் புரோக்கன். இப்போது உலக அளவில் பயன்படும் ரோல்ஆர்ட் மதிப்பெண் முறையில் ஒவ்வொரு ஜம்புக்கும் ஸ்பின்னுக்கும் ஓர் அடிப்படை மதிப்பு உண்டு, அதைச் செய்த அழகுக்கு நடுவர்கள் மைனஸ் மூன்றிலிருந்து பிளஸ் மூன்று வரை போடுகிறார்கள். சுற்று முழுமையாகாமல் இறங்கிய ஆக்ஸலுக்கு மதிப்பு வெட்டப்படும், விழுந்தால் அதற்கும் கழிப்பு. அதைவிடச் சுத்தமான ஒரு கஷ்டமான ஸ்பின் நல்ல வியாபாரம். தையல்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஓட்டை விழுந்த பட்டுத்துணியை விட ஒழுங்காகத் தைத்த காட்டன் விலை போகும்.

இத்தாலிக்கு வருவோம். உங்கள் கோச் ஊரைத் தப்பாகச் சொல்லவில்லை. இந்த விளையாட்டுக்கு இத்தாலிதான் தாய்வீடு மாதிரி. பிளேட்டும் பூட்டும் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகின்றன. சின்ன ஊரில்கூட ஒரு கிளப், கூரை போட்ட ரிங்க், வாரத்தில் ஐந்தாறு நாள் பயிற்சி. 2000-களில் பல முறை உலகப் பட்டம் வென்ற தான்யா ரோமானோ, ட்ரியெஸ்டே பக்கம் அப்படிப்பட்ட ஒரு கிளப்பிலிருந்து வந்தவர்தான். அங்கே ஒரு குழந்தை ஆறு வயதிலிருந்து வழவழப்பான உள்ளரங்கத் தளத்தில் ஓடுகிறது, நம் பிள்ளை சிமென்டில். தளம் மாறினால் சக்கரத்தின் கடினத்தைக்கூட மாற்ற வேண்டும். அங்கே போய் இறங்கி, வழுக்குகிற தளத்துக்குப் பழகவே உங்கள் பெண்ணுக்கு முதல் வாரம் போய்விடும்.

அங்கே ஒரு மாதத்தில் நல்ல கொரியோகிராஃபி கிடைக்கும், எட்ஜ் திருந்தும், தன்னைவிட எத்தனையோ மடங்கு நன்றாகச் செய்கிற பதினைந்து பிள்ளைகளைப் பக்கத்தில் பார்ப்பாள். மூன்றாவதுதான் உண்மையான லாபம். கிடைக்காதது, காலில் தசை. அதை எந்த நாட்டுக் கோச்சும் முப்பது நாளில் வைத்து அனுப்ப முடியாது. முட்டி வலியோடு, ஜம்ப் போன வருஷத்தில், அம்மா நகையை அடகு வைத்து அனுப்பியிருக்கிறாள் என்று தெரிந்த ஒரு குழந்தை அங்கே போய் என்ன செய்யும்? வலியை மறைத்துக்கொண்டு குதிக்கும். போகட்டும், ஆனால் 15, 16 வயதில், ஆக்ஸல் திரும்பி வந்து டபுள் தொடங்கிய பிறகு போகட்டும். அப்போதும் சேர்த்து வைத்த பணத்தில். அனுப்பும்போது கேம்ப் கட்டணம் எவ்வளவு, விமானம் எவ்வளவு, தங்குவது எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள், கூட வருகிற பெரியவரின் டிக்கெட் யார் கணக்கில் என்றும் கேளுங்கள். பிள்ளைகளை அழைத்துப் போகிறவருடைய செலவு பிள்ளைகள் தலையில் விழுவது சில இடங்களில் வழக்கம். அது தப்பு என்றுகூடச் சொல்ல மாட்டேன். தெரிந்து கொடுக்க வேண்டும்.

எதிர்காலம் உண்டா என்றீர்கள். சம்பளம் என்ற அர்த்தத்தில் கேட்டிருந்தால், இல்லை. ஆர்ட்டிஸ்டிக் ஸ்கேட்டிங் ஒலிம்பிக்கில் இல்லை. ரோலர் விளையாட்டுகளிலிருந்து டோக்கியோவில் உள்ளே போனது ஸ்கேட்போர்டிங் மட்டும்தான். நம்மவர்களில் பெரிய பெயர் ஹைதராபாத்தின் அனூப் குமார் யாமா. 2010 குவாங்சௌ ஆசிய விளையாட்டில் ஃப்ரீ ஸ்கேட்டிங்கில் வெண்கலம், அவானி பஞ்சாலுடன் பேர்ஸ் என்னும் ஜோடிப் பிரிவில் இன்னொரு வெண்கலம். 2015-இல் அர்ஜுனா விருது. பிறகு என்ன ஆயிற்று பாருங்கள். 2014 இஞ்சியோனில் ரோலர் விளையாட்டே இல்லை. 2018 ஜகார்த்தாவில் இருந்தது, ஆனால் ஸ்பீடும் ஸ்கேட்போர்டும் மட்டும். மெடல் வாங்கிய ஒரு மனிதர் தன் உச்ச வயதில் அடுத்த மேடைக்காக எட்டு வருஷம் காத்திருந்தாலும், மேடையே போடவில்லை. பிரேசிலின் மார்செல் ஸ்டுர்மெர் 2003-இலிருந்து 2015 வரை நான்கு பான் அமெரிக்கன் விளையாட்டுகளில் தொடர்ந்து தங்கம் வாங்கியவர், அவருக்கும் ஒலிம்பிக் என்ற ஒன்று கிடையாது.

உங்கள் சொந்தக்காரர் யாராவது 'ஆனந்த்குமார் உலகச் சாம்பியன் ஆகிவிட்டாரே' என்று பேப்பரைக் காட்டுவார். 2025-இல் சீனாவின் பெய்தாய்ஹேயில் 1000 மீட்டர் ஸ்பிரின்ட்டில் தங்கம் வாங்கியவர் நம் ஆனந்த்குமார் வேல்குமார்தான், பெருமைதான். 2023-இல் ஹாங்சௌ ஆசிய விளையாட்டில் ரிலே வெண்கலம் வாங்கிய பெண்கள் அணியில் கார்த்திகா, ஆரத்தி என இரண்டு தமிழ்நாட்டுப் பெண்கள். ஆனால் அதெல்லாம் இன்லைன் ஸ்பீடு, சக்கரங்கள் ஒரே வரிசையில் உள்ள ஸ்கேட்டில் வேகமாக ஓடுவது. ஷூவும் வேறு, தளமும் வேறு, உடம்பும் வேறு. வேகத்துக்குப் போ என்று இவளைத் திருப்பிவிட யாராவது யோசனை சொன்னால், அவளாகக் கேட்டாலொழிய வேண்டாம். ஐஸுக்கு மாற்றலாமா என்ற கேள்வியும் வரும். டாரா லிப்பின்ஸ்கி சின்ன வயதில் ரோலரில் அமெரிக்கத் தேசியப் பட்டம் வாங்கியவள், ஐஸிலும் பழகி 1998 நாகானோவில் 15 வயதில் ஒலிம்பிக் தங்கம் வாங்கினாள். உண்மைக் கதைதான். ஈரோட்டில் ஐஸ் எங்கே இருக்கிறது?

இன்னொரு அர்த்தத்தில் எதிர்காலம் உண்டு, அதற்கு ஆவணங்களைக் கவனமாக வைத்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாடு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் ஒதுக்கீடு இருக்கிறது. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடங்கள். மத்திய அரசு வேலைக்கான விளையாட்டுப் பட்டியலில் ரோலர் ஸ்கேட்டிங் பெயர் உண்டு. ஆனால் எந்தப் போட்டியின் சான்றிதழ் செல்லும், எந்தப் பிரிவுக்கு எத்தனை மதிப்பெண் என்பதை அந்தந்த ஆண்டின் கையேட்டில் பார்க்க வேண்டும், கோச் வாயிலிருந்து கேட்கக் கூடாது. மாவட்டம், மாநிலம், தேசியம் என்று அங்கீகரிக்கப்பட்ட சங்கத்தின் வழியாகப் போன போட்டிகளும் பள்ளி விளையாட்டுகளும்தான் பயன்படும். 'ஓப்பன் நேஷனல்', 'இன்டர்நேஷனல் கப்', கார் அடியில் தீப்பந்தத்தோடு போய் உலக சாதனை என்று சான்றிதழ் விற்கிற கூட்டம் ஒன்று இருக்கிறது. நுழைவுக் கட்டணம் வாங்கிக்கொண்டு பளபளப்பான ஷீல்டு கொடுப்பார்கள். விண்ணப்பத்தோடு வைத்தால் குமாஸ்தா அதை ஓரமாகத் தள்ளிவிடுவார். அவளிடம் இப்போது இருக்கும் மூன்று மாநில மெடல், நேஷனல் ஆறாவது இடம், இவற்றுக்கு உரிய படிவத்தில் சங்கத்தின் கையெழுத்தும் முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இப்போதே வாங்குங்கள், நிர்வாகிகள் மாறிய பிறகு பழைய கையெழுத்துக்கு அலைவது பெரும்பாடு.

பயிற்சியாளர் வேலை ஒன்று இருக்கிறது. நான் சாப்பிடுவது அதில்தான். பள்ளிகளில் வகுப்பு, காலையில் பார்க் ரிங்க், கோடையில் கேம்ப். பெரிய பணமில்லை, ஆனால் ஆர்ட்டிஸ்டிக் தெரிந்த பெண் கோச் நம் மாநிலத்தில் மிகக் குறைவு. பெண் பிள்ளைகளின் தாய்மார்கள் தேடி வருகிறார்கள். நடுவர் வேலைக்கும் ஆள் இல்லை. ரோல்ஆர்ட் விதிப் புத்தகத்தைப் படித்து, வீடியோ பார்த்து, எந்த ஜம்ப் எத்தனை சுற்று என்று சொல்லத் தெரிந்த இளம்பிள்ளைகள் வேண்டும். முட்டி ஆறுகிற இந்த ஆறு மாதத்தில் அவளே உட்கார்ந்து பார்க்கட்டும். நடுவர் கண்ணோடு பார்த்தவள் தன் ஜம்ப்பை வேறு மாதிரி போடுவாள்.

காலக் கணக்கு ஒன்று சொல்கிறேன், உங்கள் வீட்டுக்காரருக்காக. உலகச் சாம்பியன்ஷிப்பில் சீனியர் பிரிவு 19 வயதில்தான் தொடங்குகிறது. இவளுக்கு 13. பத்தாம் வகுப்புப் பரீட்சை வரும்போது வளர்ச்சி அநேகமாக அடங்கியிருக்கும். அந்த வருஷம் டிசம்பரிலிருந்து ரிங்க்கைக் குறைத்துவிட்டுப் பரீட்சை எழுதட்டும், ஏப்ரலில் திரும்பட்டும், ஒன்றும் குடிமுழுகிவிடாது. அவர் 'நிறுத்து' என்கிறார், கோச் 'இத்தாலி' என்கிறார். இரண்டு பேரும் இந்த வருஷத்து ஆக்ஸலை வைத்துத்தான் பேசுகிறார்கள், ஒன்றரை வருஷம் கழித்து அது மாறியிருக்கும். அதுவரை பெரிய செலவும் வேண்டாம், பெரிய முடிவும் வேண்டாம். நகை பீரோவிலேயே இருக்கட்டும். பூட்டுக்கும் பிசியோவுக்கும் செலவு செய்யுங்கள். இத்தாலியப் பூட், பிளேட், சக்கரம் எல்லாம் முழு செட்டாகப் போனால் லட்சத்தைத் தொடும், வளர்கிற காலுக்கு அது வேண்டாம். நேஷனல் முடிந்ததும் பெரிய பிள்ளைகள் பழையதை விற்பார்கள், நல்லதாகப் பார்த்து வாங்குங்கள்.

கோச்சோடு சண்டை போட வேண்டாம். ஏழு வருஷம் பழக்கியவர். டாக்டர் எழுதிக் கொடுத்ததை அவரிடம் கொண்டுபோய்க் காட்டி, 'இத்தனை லேண்டிங்தான் சார், நீங்களே எண்ணுங்கள்' என்று சொல்லுங்கள். நல்லவர் என்றால் எண்ணுவார். பிள்ளை முன்னால் மறுபடி 'சோம்பேறி' என்றால், அப்போது வேறு இடம் பார்க்கலாம்.

அவள் பேசாமல் இருப்பதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. 'உனக்கு ஸ்கேட்டிங் வேண்டுமா வேண்டாமா' என்று கேட்காதீர்கள். ஏழு வருஷம் நீங்கள் ராத்திரி முழித்துக் கல் பதித்துத் தைத்த டிரஸ்கள் அவள் கண் முன்னால் தொங்குகின்றன, அவளால் உண்மை சொல்ல முடியாது. 'இன்றைக்கு ரிங்க்கில் எது பிடித்திருந்தது' என்று மட்டும், தினமும், வண்டியில் வரும்போது கேளுங்கள். பத்து நாள் 'ஒன்றுமில்லை' என்றே சொன்னால் ஒரு மாதம் விடுப்புக் கொடுத்துவிடுங்கள், திரும்பி வருவது அவள் இஷ்டம். ஸ்பின் என்றோ பாட்டு என்றோ ஏதாவது சொன்னால், விஷயம் முட்டியோடு முடிந்தது.

டிரஸ் தைக்கலாம். ஆனால் இப்போதே வெட்டாதீர்கள். லைக்ரா அகலத்துக்குத்தான் இழுபடுவதாக எல்லாரும் நினைக்கிறார்கள், வளர்கிற பெண்ணுக்குத் தோளிலிருந்து காலிடுக்கு வழியாகத் திரும்பத் தோளுக்கு வருகிற சுற்றளவுதான் முதலில் பற்றாமல் போகும். அதை நவம்பர் கடைசியில் எடுங்கள், தோளில் இரண்டு அங்குலம் உள்ளே மடித்து விடுங்கள், கல்லை மடிப்புக்குக் கீழே பதியுங்கள். டாக்டர் என்ன சொன்னார் என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள்.